பட்டன் இல்லாத சட்டை விஷயமாக

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்களுக்கு மாமனாராக வரவிருக்கும் தங்கள் துணிக்கடை முதலாளி அவர்களும், அவருடைய மகளும், கடையில் தொங்குகிற அத்தனை சட்டைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் அக்கா நலம். பட்டறையில் இரும்பு கடைகிற லேத் மெஷின் நலம். நான் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைத் தெரிவித்துக்கொள்ளவே இந்தக் கடிதம். சுற்றி வளைத்தேன் என்று பிறகு பேச்சு வரக்கூடாது என்பதால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். தங்கள் கல்யாண விருந்துக்கு நான் வரப்போவதில்லை. தங்கள் அப்பா இருந்திருந்தால் எந்த இடத்தில் நின்று நாலு வார்த்தை பேசியிருப்பாரோ அந்த இடத்தில் நான் நின்று பேச வேண்டும் என்று தாங்கள் கேட்டது, நான் சரி என்றது, அன்று முதல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளிக்கு முன்னால் பேசிப் பழகியது, எல்லாம் ரத்து. தங்கள் அக்கா மட்டும் வருவாள். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பவும்.

இந்த முடிவுக்குக் காரணம் கட்டைவிரல் நகத்தளவுகூடப் பெரிதில்லாத இரண்டு சாமான்கள். கஃப்லிங்க். அதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதே மேல்மாடிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன், அவருக்கும் கொஞ்சம் கோபம் மிச்சம் வைத்திருக்கிறேன். நான் பொதுவாக யாரையும் குறை சொல்லுகிறவன் இல்லை. இதை உங்கள் அக்காவிடம் விசாரிக்க வேண்டாம், அவள் வேறு மாதிரி சொல்லுவாள்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். அக்காதான் பிரித்திருக்கிறாள். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு ஜோடி கறுப்பு ஷூ, 'அத்தான், விருந்துக்கு இதெல்லாம்தான் போட வேண்டும்' என்று ஒரு துண்டுக் காகிதம். எதெல்லாம், எப்படி, எதற்கு மேல் எது என்று ஒரு விவரமும் கிடையாது. நான் ஒரு போல்ட் செய்து கொடுத்தால்கூட எந்தப் பக்கம் முடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவேன். சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த உங்கள் அக்காவுக்கு முகம் செத்துப்போய்விட்டதாம். மணிக்கட்டுப் பட்டை மட்டுமே ஒரு ஜாண் நீளத்துக்குத் தொங்குகிறது. பட்டன் என்று ஒன்றுகூட இல்லை. பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, எதிர்ப் பக்கமும் ஓட்டை, அதற்கு மேலே இன்னொரு ஜோடி ஓட்டை. ஒரு கைக்கு நான்கு ஓட்டை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தைத்தவன் தூக்கக் கலக்கத்தில் தைத்திருக்கிறான், பட்டன் வைக்கிறவன் அன்றைக்கு லீவு, தம்பி கல்யாண அவசரத்தில் கவனிக்காமல் பார்சல் கட்டிவிட்டான் என்று அவளே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். நான் வந்ததும், போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றேன். அதற்கு அவள், "வேணாங்க. மாமனார் கடைச் சட்டை. இவன் போய்ச் சொன்னா இவனுக்குத்தான் அசிங்கம். நானே சரி பண்ணிடறேன்" என்றாள்.

சரி பண்ணிவிட்டாள். எப்படி என்று கேளுங்கள். அதிகப்படியாகத் தொங்கிய பாதிப் பட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டு கையிலும் ஒரே அளவாக வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, ஒரு பக்கத்து ஓட்டையை நூலால் அடைத்து, அதன் மேல் என் பழைய மழைக்கோட்டிலிருந்து பிரித்தெடுத்த பழுப்புப் பட்டனை வைத்து, இஸ்திரி போட்டு என் முன்னால் நீட்டினாள். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. நானும், பரவாயில்லையே, கடைக்காரனைவிட நன்றாக இருக்கிறதே என்று பாராட்டினேன். வெட்டியெடுத்த துண்டுகள் நல்ல கெட்டித் துணி என்பதால் மெஷின் துடைக்க எடுத்துக்கொண்டு போனேன். இந்த வீட்டில் ஒரு துணியும் வீணாவதில்லை.

இதற்கிடையில் ஷூ. புது ஷூ கடிக்கத்தான் கடிக்கும், காலில் போட்டு நடந்து பழக வேண்டும் என்று உங்கள் அக்கா சொன்னதால் தினமும் வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். வலது கால் சாதுவாக இருந்தது. இடது கால் மட்டும் பெருவிரலைப் பிடித்து நசுக்கியது. பணக்கார வீட்டு விருந்துக்குப் போகிற கால் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பெருவிரல் நகம் கறுத்து, நடை நொண்டி, தெருவில் எதிர்ப்பட்டவரெல்லாம் எங்கே விழுந்தீர்கள் என்று துக்கம் விசாரிக்கிற நிலைமை வந்த பிறகு, ஷூவைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லி, முக்குக்கடையில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே கையை விட்டு, முனையில் அடைந்து கிடந்த ஒரு சின்ன வெல்வெட் பையை இழுத்து வெளியே போட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விலை உயர்ந்த சாமானை ஷூவுக்குள் ஒளித்து அனுப்புவதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தாங்கள், நீங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. மரியாதையும் தீர்ந்துவிட்டது. இனிமேல் நீ.

பைக்குள் இருந்தவை இரண்டு. முன்பக்கம் வட்டமாக, பளபளவென்று நீலக்கல். பின்பக்கம் ஒரு சின்னத் தண்டு, தண்டின் முனையில் திரும்புகிற ஒரு குச்சி. உன் அக்கா பார்த்த மாத்திரத்தில் கண் கலங்கி, தம்பி தனக்குத் தோடு அனுப்பியிருக்கிறான் என்று கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டாள். அந்தக் குச்சி காதில் நுழைகிற ஜாதி இல்லை. எனக்கு அதன் அமைப்பைப் பார்த்ததும் ஏதோ பெட்டிக்குப் பூட்டு என்று பட்டது. வீட்டில் இருக்கிற பெட்டியெல்லாம் இழுத்துப்போட்டு ஓட்டை தேடினோம். ஓட்டையுள்ள சாமானை நாமே தைத்து மூடிவிட்டோம் என்பது அப்போது இருவர் மண்டையிலும் ஏறவில்லை. கல்லைத் தடவிப் பார்க்கலாம் என்று போனேன், அதற்கும் அவள் விடவில்லை. என் கை பட்டால் கீறிவிடுமாம். அன்று முதல் அதைப் பஞ்சில் சுற்றி வைத்து, எடுத்தால் ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள்.

கடைசியில்தான் மேல்மாடிக்காரர். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரிய மனிதர்கள் உடுத்துவதைப் பார்த்துப் பார்த்தே காலம் கழித்தவர். பையைத் திறந்து பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பிரசங்கமே செய்தார். முழுக்கைச் சட்டையில் இரண்டு வகையாம். பட்டன் வைத்தது ஆபீசுக்குப் போகிறவனுக்கு. பட்டையை இரண்டாக மடித்து, நான்கு ஓட்டையையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் இதைச் சொருகுவது விருந்துக்குப் போகிறவனுக்கு. கோட்டுக் கைக்கு வெளியே பட்டை அரை விரலளவு எட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு மேல் பார்த்தால் அலட்டல், பார்க்கவே இல்லையென்றால் பட்டிக்காட்டான். பெல்ட்டின் பக்கிள் வெள்ளியானால் இதுவும் வெள்ளி. கல் வைத்தது பகலுக்கு ஆகாது. அழகான பக்கம் வெளியே தெரிய வேண்டும், குச்சி உள்பக்கம். போட்டுக்கொண்டவன் கண்ணில் படுவதற்காக இல்லையாம், எதிரில் நிற்பவன் பார்ப்பதற்காகவாம். பிறகு விளக்கடியில் கல்லைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதல் தரமான கல், நல்ல நீரோட்டம் என்று சான்றிதழ் வேறு கொடுத்தார். எல்லாம் முடிந்து, எங்கே அந்தச் சட்டை, மடித்துக் காட்டுகிறேன் என்றார். நானும் உன் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழே இறங்கி வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் வெட்டறப்ப நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்பது. பாராட்டவும் செய்தேன் என்பதை அவள் மறந்துவிட்டது என் புண்ணியம்.

பட்டறைக்கு ஓடினேன். வெட்டிய துண்டுகளில் ஒன்று கியர் பெட்டிக்கு அடியில் கிடைத்தது, இன்னொன்று எண்ணெய் டின்னுக்கு மூடியாக இருந்தது. இரண்டையும் சோப்புப் போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெளுக்கிற மட்டும் வெளுக்கவைத்து டெய்லரிடம் கொண்டுபோனேன். அவர் தொழில் பேன்ட் சுருக்குவது. சட்டைக்கு நான் எங்கே போவேன், அதுவும் செத்துப்போன கையை ஒட்டச் சொன்னால் எப்படி என்று முதலில் கையை விரித்தார். பிறகு, மைத்துனன் கல்யாணம், அப்பா இடத்தில் நிற்கப்போகிறேன் என்று நான் சொல்லத்தொடங்கியதும் மனமிரங்கி, பட்டனைப் பிரித்து, அடைத்த ஓட்டையைத் திறந்து, வெட்டிய இடத்திலேயே சேர்த்துத் தைத்து, அந்தத் தையலின் மேலேயே மடிப்பு விழும்படி செய்துவிட்டார். எண்ணெய்க் கறை மடிப்புக்கு உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை உயர்த்தினால் தெரியும், ஆகவே உயர்த்தாதீர்கள் என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

இனி அதை மாட்டுகிற கதை. இடது கையில் வலது கையால் மாட்டலாம். மாட்டிய பிறகு வலது கைக்கு மாட்ட இடது கை வேண்டும், அது ஏற்கெனவே விறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு ஓரத்தைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கை, குச்சியைச் சொருக ஒரு கை, சொருகப்படுகிற கை ஒன்று என்று மொத்தம் மூன்று கை வேண்டியிருக்கிறது. உங்கள் கடையில் விற்கும்போது மூன்றாவது கையும் சேர்த்துத் தருகிறீர்களா? உன் அக்காதான் மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, அப்பா மாதிரியே இருக்கீங்க என்றாள். எந்த அப்பா என்று கேட்கவில்லை, அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு உன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். போன கோபம் திரும்பி வந்த விதத்தைச் சொல்கிறேன்.

விருந்துக்கு முன்னால் ஒரு தடவை ஊரார் மத்தியில் போட்டுப் பழக வேண்டாமா? லேத் பட்டறைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நான் வேறு ஒரு வேலையாகவும் போக வேண்டியிருந்தது. தலைவர் தன்னுடைய உருவப்படத்தைச் சங்க அலுவலகத்தில் மாட்டத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். உயிரோடு இருக்கிற மனிதன், தினமும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறவன், அவனுக்கு எதற்கு அங்கே படம்? எதிர்த்துப் பேச முழு தயாரிப்போடு போனேன். வாசலில் தலைவர் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்து அசந்துபோய், என்னப்பா மாப்பிள்ளைக் கோலம் என்று என் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். மரியாதைக்கு நானும் என் இடது கையால் அவர் கையைப் பிடித்தேன், எடுக்கும்போது வரவில்லை. என் இடது கைக் குச்சி அவருடைய வலது கை ஸ்வெட்டருக்குள் புகுந்து திரும்பிக்கொண்டது. அவர் மனைவி கையால் பின்னிய ஸ்வெட்டர். இழுக்காதே, ஒரு இழை பிரிந்தால் மொத்தமும் பிரிந்துவிடும், கூட்டம் முடியட்டும், வீட்டுக்காரி ஊசி வைத்து எடுப்பாள் என்று கெஞ்சினார். ஆக, நான் அவரோடு மேடை ஏறினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் குடித்தபோது நானும் குடிக்கப்போவதுபோல் கையைக் கொண்டுபோனேன். அவர் எழுந்து பேசியபோது நானும் எழுந்து நின்றேன். இருவருக்கும் இவ்வளவு நெருக்கம் எப்போது ஏற்பட்டது என்று கீழே உட்கார்ந்தவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர். தலைவர் வலது கையைத் தூக்கினார். என் இடது கை கூடவே போனது. கூடவே என் சட்டைக்குள் இருந்த எண்ணெய்க் கறையும் சபைக்குத் தரிசனம் கொடுத்தது. நான் எழுந்து, இது என் கை இல்லை என்றேன். பிறகு யாருடையது என்றார் செயலாளர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார், அதற்கு அதிகத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை அவர் மனைவி ஊசி, கொண்டை ஊசி, கடைசியில் கத்தரிக்கோல் எல்லாம் வைத்து எங்களைப் பிரித்தபோது ஸ்வெட்டரில் ஒரு பொத்தல். என் கல்லின் ஓரமும் லேசாகத் தூக்கிக்கொண்டது. முதல் தரமான கல்லாம். படம் இப்போது அலுவலகத்தில் தொங்குகிறது. வாசலைத் தாண்டும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன் மாப்பிள்ளை. சட்டை போனால் சட்டை, நகம் போனால் வளரும், சங்கம் நாசமாய்ப் போகட்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் நீ போன் செய்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கஃப்லிங்க் போட்டுப் பார்த்தீர்களா அத்தான் என்றாய். போட்டேன் என்றேன். நன்றாகப் பார்த்தீர்களா, எப்படி இருக்கிறது என்றாய். நீலமாக இருக்கிறது என்றேன். "நீலமாவா?" என்று கேட்டாய். நான் குறை சொல்கிறேன் என்று நினைத்தாயோ என்னவோ, உன் குரல் இறங்கிவிட்டது. பிறகு சொன்னாய்:

"பிடிக்கலைன்னாலும் அன்னிக்குக் கண்டிப்பா அதைத்தான் போடணும் அத்தான். எங்க மாமனார், வர்றவங்க யாரா இருந்தாலும், முதல்ல மணிக்கட்டைத்தான் பாப்பார்."

சரி என்று சொல்லி போனை வைத்தேன். இதோ இந்த நிமிஷம் வரை அந்தக் கோபம் ஆறவில்லை.

அவர் பார்க்கட்டும். என்ன இருக்கிறது என் மணிக்கட்டில்? மெஷினிலிருந்து சூடாகச் சுருண்டு வந்து விழுகிற இரும்புச் சுருள் சுட்ட தழும்பு இருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு இருக்கிறது. அதை மூடத்தானே ஒரு ஜாண் பட்டையும் நீலக்கல்லும் அனுப்பினாய்? நேரே சொல்லியிருக்கலாமே, அத்தான், உங்கள் கையை என் மாமனார் பார்த்தால் எனக்கு மானக்கேடு என்று. நான் ஏன் வாழ்நாளெல்லாம் அரைக்கைச் சட்டை போட்டேன் என்று உனக்குத் தெரியாதா? ஓடுகிற லேத் முன்னால் முழுக்கைச் சட்டை கூடாது, வாட்ச் கூடாது, மோதிரம் கூடாது. கல்யாண மோதிரத்தையே நான் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவேன். முழுக்கைச் சட்டையோடு நின்ற ஒருவரை நமக்குத் தெரியும். இப்போது அவருக்குச் சட்டையில் இடது கை தேவைப்படுவதில்லை. மணிக்கட்டில் ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் எங்கள் தொழிலில் மரியாதையான உடுப்பு. அதை உன் மாமனார் அறியமாட்டார். நீ அறிவாய், அந்தப் பட்டறையில் வளர்ந்தவன்.

மறந்துவிட்டதென்றால் ஞாபகப்படுத்துகிறேன். அந்த மெஷினில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக் இருக்கிறதே, மூன்று பல் வைத்த அந்த வட்டத் தலை, அதில் ஒரு பல்லின் முனை இன்றைக்கும் உடைந்துதான் இருக்கிறது. உடைத்தது யார்? பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் இல்லாத நேரத்தில் மெஷினை ஓடவிட்டு, இரும்பைச் சீவுகிற டூல் தானாக நகர்கிற லீவரையும் போட்டுவிட்டு ஜன்னலில் வேடிக்கை பார்த்தவன் யார்? டூல் நேரே போய்ச் சக்கில் மோதி, சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. நான் ஓடி வந்து பார்த்தால் உன்னைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தாய். உன்னை ஒரு வார்த்தை திட்டினேனா? வெளியே இழுத்து, இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, விரல்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. போய்ச் சாப்பிடு என்றேன். நானும் முதலில் உன் கையைத்தான் பார்த்தேன் மாப்பிள்ளை. சட்டையைப் பார்க்கவில்லை.

அதனால் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. உங்கள் கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் கோட்டுப் போட்டு ஒரு பொம்மை நிற்குமே, அதைத் தூக்கிக்கொண்டுபோய் விருந்தில் உன் அப்பா இடத்தில் நிறுத்திவிடு. அதற்கு மணிக்கட்டில் தழும்பு கிடையாது. கோட்டுக் கைக்கு வெளியே பட்டை சரியாக அரை விரல் எட்டிப் பார்க்கும். உன் மாமனார் ஆசை தீரப் பார்க்கலாம். பேச்சு ஒன்று தயார் செய்திருந்தேன், அதை வாளிதான் கேட்டது, வாளியோடு போகட்டும். கஃப்லிங்க் இரண்டையும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். சட்டையை அனுப்பவில்லை, பார்த்தால் உன் முதலாளிக்கு மாரடைப்பு வரும். இனிமேல் எனக்கு எந்தத் துணியும் அனுப்பாதே. அனுப்பினால் மெஷின் துடைப்பேன்.

இருந்தாலும் பெரியவன் என்ற முறையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீயும் வரப்போகிற பெண்ணும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல், நோய்நொடி இல்லாமல், கடன் கிடன் வாங்காமல், நீடூழி நன்றாக இருங்கள். இதைக் கோபத்தோடு எழுதினாலும் பலிக்கும், சந்தேகப்பட வேண்டாம். முதலாளி அவர்களுக்கு என் வணக்கம், அரைக்கைச் சட்டையோடு. உன் அக்காவை ரயிலிலிருந்து இறக்கும்போது பையை நீ வாங்கிக்கொள், அவளுக்குத் தோள் வலி.

இப்படிக்கு,
தன் கையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கும்,
உன் அக்கா கணவன்.

பின்குறிப்பு: பார்சல் கட்டுகிறபோது, சாமானைக் கெடுத்துத் திருப்பி அனுப்பினேன் என்ற பேர் வேண்டாமே என்று, ஸ்வெட்டரில் மாட்டித் தூக்கிக்கொண்ட அந்தக் கல்லை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். படியவில்லை. கொஞ்சம் இழுத்தேன். உரிந்து வந்துவிட்டது. கல் இல்லையடா அது. புதுத் தகட்டின் மேல் கீறாமல் இருக்க ஒட்டி அனுப்புவார்களே, அந்த நீல பிளாஸ்டிக் தாள். பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு ஸ்டீல் தகட்டிலும் தினமும் என் கையாலேயே உரித்துப் போடுகிற தாள். அதற்குத்தான் மேல்மாடிக்காரர் நீரோட்டம் பார்த்தார்.

கீழே வெள்ளி. வெள்ளியில் ஒரு வட்டம் செதுக்கியிருக்கிறது. வட்டத்துக்குள் மூன்று பல். ஒரு பல்லுக்கு முனை இல்லை. இரண்டாவதையும் உரித்தேன், அதிலும் அதே பல்லுக்கு முனை இல்லை. உன் அக்கா வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதைத்தான் அவன் மாமனார் பாக்கணுமாமா?" என்றாள். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், மெஷின் சக்கோடு ஒத்துப் பார்த்தேன், நம் சக்கேதான்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன். இவ்வளவு கோபத்தை மறுபடி யார் எழுதுவது என்று அப்படியே அனுப்புகிறேன், படித்துவிட்டு நீயே கிழித்துவிடு. இரண்டு பேருக்கும் ரயிலில் இடம் சொல்லியாகிவிட்டது. பொம்மை அங்கேயே நிற்கட்டும். உடனே இன்னொரு சட்டை அனுப்பு, பட்டறை விலாசத்துக்கு அனுப்பு, உன் அக்கா கண்ணில் படக்கூடாது. கஃப்லிங்க் என்னிடமேதான் இருக்கிறது. உன் மாமனாரிடம் இப்போதே சொல்லி வை: அவர் என் மணிக்கட்டைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கமாட்டேன். பேச்சையும் மாற்றிவிட்டேன். அந்தப் பல்லை உடைத்தது யார் என்பதுதான் முதல் வரி.